நொறுங்கத் தின்பதும் நூறு வயதும்

நொறுங்கத் தின்றால் நூறு வயது என்பது நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக வழங்கி வரும் பழமொழி. சோற்றை அவசரமாக விழுங்கிவிட்டுப் பள்ளிக்கூடத்திற்கோ அலுவலகத்திற்கோ ஓடுகிறவர்களின் காதில் போட்டு வைப்பதற்காகவே நம் பெரியவர்கள் இதைக் கையாண்டார்கள். இதைக் கேட்டு யாரும் அவசரத்தைக் குறைத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. ஆயினும் பழமொழி மட்டும் நிலைத்துவிட்டது.

இப்பழமொழியில் அடங்கியிருப்பது ஒரு மருத்துவக் கூற்று. உணவை நன்கு மென்று தின்றால் ஆயுள் நீளும் என்கிறது. அப்படியானால் மெல்ல இயலாதவர்களின் கதி என்ன? பல்லை இழந்தவர்கள், பல் இருந்தும் வலியினால் மெல்லாதவர்கள், வாயைத் திறப்பதற்கே இயலாதவர்கள் ஆகிய இவர்களுடைய உடல்நலத்திற்கு என்ன நேருகிறது? இவ்வினாவை ஆராய்ச்சியாளர்கள் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாகப் பல வகையில் எழுப்பி வந்திருக்கிறார்கள். அவர்கள் கண்டவை பழமொழியை அப்படியே மெய்ப்பிக்கவும் இல்லை, பொய்ப்பிக்கவும் இல்லை. அவற்றைச் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

கதை ஒரு துப்பாக்கிக் குண்டிலிருந்து தொடங்குகிறது. 1822-ஆம் ஆண்டு ஜூன் மாதம், வட அமெரிக்காவிலுள்ள மாக்கினாக் என்னும் தீவில், விலங்குத் தோல் வாணிகத்தில் கூலி வேலை செய்து வந்த அலெக்ஸிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற இளைஞரின் வயிற்றில் தற்செயலாகக் குண்டு பாய்ந்தது. படைமுகாமின் மருத்துவராகிய வில்லியம் பியூமாண்ட் அவரைப் பிழைக்க வைத்தார். ஆனால் காயம் முழுவதும் மூடவில்லை. இரைப்பைக்குள் நேரே செல்லும் ஒரு துவாரம் நிலைத்துவிட்டது. மருத்துவர் உணவுத் துண்டுகளைப் பட்டு நூலில் கட்டி அத்துவாரத்தின் வழியே உள்ளே இறக்குவார். சில மணி நேரம் கழித்து வெளியே இழுத்து, எவ்வளவு கரைந்திருக்கிறது என்று பார்ப்பார். 1833-இல் அவர் தம் முடிவுகளை நூலாக வெளியிட்டபோது, உணவு எவ்வளவு நுண்ணியதாகச் சிதைக்கப்பட்டிருக்கிறதோ அவ்வளவுக்குச் செரிமானம் எளிதாகிறது என்பதையும் குறித்தார். பற்கள் செய்யும் வேலை வீண் வேலையன்று என்பதற்குக் கண்ணால் கண்ட சான்றாக அது அமைந்தது. அந்த ஏழைத் தொழிலாளி இந்தப் பரிசோதனைகளை எவ்வளவு மனமுவந்து ஏற்றார் என்பது வேறு கதை. அவர் ஒரு முறைக்கு மேல் மருத்துவரை விட்டு நீங்கிச் சென்றதுண்டு என்பதை மட்டும் சொல்லி மேலே செல்வோம்.

அடுத்து வந்தவர் மருத்துவர் அல்லர், வணிகர். ஹொரேஸ் பிளெச்சர் என்னும் அந்த அமெரிக்கர் உடல் பருத்து நலிவுற்றிருந்தார். உணவு வாயில் நீர்போல் ஆகும்வரை மென்றுகொண்டே இருப்பது என்று ஒரு விரதம் பூண்டு, எடை குறைந்து, தெம்பும் பெற்றார். அந்த விரதத்தை ஊர் ஊராகப் பரப்பவும் தொடங்கினார். யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரஸல் சிட்டன்டன் என்ற உடலியல் பேராசிரியர் அவரைத் தம் ஆய்வுக்கூடத்திற்கு அழைத்துச் சோதித்தார். குறைந்த உணவைக் கொண்டே அவர் உடல் வலிமையோடு இருப்பதைக் கண்டு வியந்தார். சில காலம் இரு கண்டங்களிலும் விருந்து மேசைகளில் மௌனமாக மென்றுகொண்டிருப்பது நாகரிகம் ஆயிற்று. பிளெச்சர் 1919-இல் தமது 69-ஆவது வயதில் காலமானார். நூறு வயதை அவர் எட்டவில்லை என்பதற்காக நாம் அவரை நகைக்க வேண்டியதில்லை. மெதுவாக மெல்லுகிறவர் குறைவாகவே உண்கிறார் என்பது பின்னாளில் பல சோதனைகளில் தென்பட்ட உண்மைதான். ஆனால் மெல்லுதல் ஒன்றே சர்வரோக நிவாரணி என்று சொன்ன இடத்தில் அவர் தவறினார்.

இந்த மிகைக்கு எதிராக 1956-ஆம் ஆண்டில் பிரிட்டனிலிருந்து ஒரு குளிர்ந்த விடை வந்தது. பாரல் என்ற ஆய்வாளர் ஒரு விசித்திரமான சோதனை செய்தார். சிறு சிறு பருத்தித் துணிப் பைகளில் உணவை இட்டுத் தைத்து, மனிதர்களை விழுங்கச் செய்தார். சில பைகளில் மென்ற உணவு. சில பைகளில் மெல்லாத உணவு. பைகள் உடலை விட்டு வெளிவந்த பிறகு, உள்ளே மிஞ்சியது என்ன என்று ஆராய்ந்தார். சோறு, ரொட்டி, மீன், முட்டை, பாலாடைக்கட்டி ஆகியவை மெல்லப்பட்டாலும் மெல்லப்படாவிட்டாலும் மிச்சமின்றிக் கரைந்துபோயிருந்தன. சில இறைச்சி வகைகளும் காய்கறிகளுமே மெல்லாதபோது மிஞ்சின. பற்களின் துணையின்றியே வயிறும் குடலும் பெரும்பாலான வேலையை முடித்துவிடுகின்றன என்று இதிலிருந்து பலரும் முடிவு கட்டினார்கள்.

நாம் நின்று யோசிக்க வேண்டிய இடம் இது. மெல்லாமலே கரையும் பட்டியலில் சோறு இருக்கிறது. பல்லில்லாதவர் சோற்றைக் கரைத்துக் குடித்தே காலம் தள்ளலாம், வயிறு அதை ஏற்றுக்கொள்ளும், உயிர் நிற்கும். மெல்லாவிட்டால் மிஞ்சும் பட்டியலிலோ காய்கறி இருக்கிறது. அப்படியானால், மெல்லாத உணவு வயிற்றில் என்ன ஆகிறது என்பது மட்டும் கேள்வி அல்ல. மெல்ல இயலாதவர் எதைத் தட்டிலிருந்து ஒதுக்குகிறார் என்பது அதைவிடப் பெரிய கேள்வி. ஒதுக்கப்பட்ட உணவைப் பற்றித் துணிப்பை ஒன்றும் சொல்லாது.

ஒன்று மட்டும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். கொட்டை, பருப்பு முதலியவற்றின் சத்து நுண்ணிய அறைகளுக்குள் சுவர் எழுப்பிப் பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது. 2009-இல் அமெரிக்காவில் பர்டியூ பல்கலைக்கழகத்தார் சிலருக்கு வாதுமைப் பருப்பைக் கொடுத்து, ஒரு முறை 10 தடவையும், ஒரு முறை 25 தடவையும், மற்றொரு முறை 40 தடவையும் மெல்லச் செய்தார்கள். குறைவாக மென்றபோது பருப்பின் கொழுப்பு உடலில் சேராமல் அதிகமாக வெளியேறியது. 40 தடவை மென்றபோது பசியும் நன்கு தணிந்தது. எனவே பழமொழி முழுவதும் பழுதில்லை. எந்த உணவைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைப் பொறுத்தது.

மெல்லும் திறனை எப்படி அளப்பது? இதற்குக் கையாண்ட கருவி நமக்கு மிகவும் பழக்கமான வேர்க்கடலை. 1950-இல் மேன்லி, பிரேலி என்ற இருவர் வேர்க்கடலையை மெல்லக் கொடுத்து, குறிப்பிட்ட எண்ணிக்கை ஆனதும் துப்பச் சொல்லி, அதைச் சல்லடையில் இட்டு அலசினார்கள். சல்லடைக் கண் வழியே எவ்வளவு இறங்கியது, எவ்வளவு மேலே நின்றது என்பதே மெல்லும் திறனின் அளவு. மாவு சலிக்கும் வீட்டுப் பெண்கள் எவரும் இந்த விஞ்ஞானத்தை ஒரு நொடியில் விளங்கிக்கொள்வார்கள். இக்காலத்தில் இரு வண்ணக் கோந்துமிட்டாயை மெல்லச் சொல்லி, வண்ணங்கள் எவ்வளவு கலந்தன என்று கணிப்பொறியால் அளக்கிறார்கள். முறை மாறினாலும் தத்துவம் ஒன்றே.

இவ்வகை அளவையில் 1964-இல் கபூர், ஸோமன் என்பவர்கள் கண்ட ஒரு முடிவு பலருக்கு அதிர்ச்சி தந்தது. வாய் முழுவதும் செயற்கைப் பல்வரிசை அணிந்தவர்களின் அரைக்கும் திறன், இயற்கைப் பல் உடையவர்களின் திறனில் ஆறில் ஒரு பங்கிற்கும் குறைவாக இருந்தது. கண்ணாடி அணிந்தால் பார்வை திரும்புவதுபோல், பல்வரிசை கட்டினால் மெல்லும் ஆற்றலும் திரும்பிவிடும் என்றே நாம் எல்லோரும் எண்ணுகிறோம். அது அப்படியன்று. இயற்கைப் பல் எலும்பில் வேரூன்றி நிற்பது. கட்டிய பல்வரிசை ஈறின்மேல் சும்மா அமர்ந்திருப்பது. கொத்தாத அம்மியில் மிளகாய் அரைத்தவர்களுக்கு இந்த வேறுபாடு புரியும். கல் இருக்கிறது, குழவி இருக்கிறது, கையும் ஓடுகிறது. விழுது மட்டும் ஆகமாட்டேன் என்கிறது.

அன்றியும் மெல்லுதல் பல்லின் வேலை மட்டுமன்று. நாக்கு உணவைப் புரட்டிப் புரட்டிக் கடைவாய்க்குத் தள்ள வேண்டும். கன்னம் அதை வெளியே நழுவாமல் பிடிக்க வேண்டும். உமிழ்நீர் அதை நனைத்து உருண்டையாக்க வேண்டும். இரத்த அழுத்தத்திற்கும் மனச்சோர்வுக்கும் முதியவர்கள் உட்கொள்ளும் மருந்துகளில் பல, உமிழ்நீர் சுரப்பைக் குறைக்கக்கூடியவை. பல் 32-ம் இருந்தும் வாய் வறண்டிருந்தால், உலர்ந்த சப்பாத்தி தொண்டையில் இறங்காது.

மெல்லும் சிரமத்தை அறிய மற்றொரு வழி, நேரே கேட்டுவிடுவது. ஆராய்ச்சியாளர்கள் வினாத்தாளைத் தயாரித்து, எந்தெந்த உணவைத் தின்ன முடிகிறது என்று கேட்கிறார்கள். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நம்மைப் போன்றவர்கள் இங்கே சற்றுத் தயங்கி நிற்க வேண்டியிருக்கிறது. ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக வருவதற்குத் தமிழில் கடித்தல், கொறித்தல், மெல்லுதல், சவைத்தல், குதப்புதல், அசைபோடுதல் என்று எத்தனை சொற்கள்! முன்பல்லால் செய்வது கடித்தல். கடைவாயில் செய்வது மெல்லுதல். பல்லில்லாத ஈறுகளுக்கிடையே உணவு படும் பாடு குதப்புதல். ஒரு பாட்டியிடம், மெல்ல முடிகிறதா என்று கேட்டால் முடிகிறது என்பார். முறுக்கைக் கடிக்க முடிகிறதா என்று கேட்டால்தான் சிரிப்பார். மேல்நாட்டு வினாத்தாள்களில் ஆப்பிளும் காரட்டும் வறுத்த இறைச்சியும் வருகின்றன. அவற்றைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து வைத்தால், வாழ்நாளில் ஆப்பிளையே முழுதாகக் கடித்திராத ஒருவருக்கு மெல்லும் கோளாறு உண்டென்றோ இல்லையென்றோ பொய்யான விடை வந்து சேரும். பஞ்சாபில் கேட்பதானால் ரொட்டியையும் கரும்பையும் கேட்க வேண்டும். மகாராஷ்டிரத்தில் சோள பாக்கரியை. பீகாரில் வறுத்த கடலையை. அளவுகோல் ஊர்தோறும் மாறும்.

இனி முடிவுகளுக்கு வருவோம். 1994, 1995-ஆம் ஆண்டுகளில் பிரிட்டனில் 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களிடையே உணவைப் பற்றி ஒரு தேசிய ஆய்வு நடந்தது. அதில் பல் உள்ளவர்களையும் இல்லாதவர்களையும் ஒப்பிட்டார்கள். பல்லில்லாதவர்கள் பழமும் காய்கறியும் நார்ப்பொருளும் குறைவாக உண்டார்கள். அவர்கள் இரத்தத்தில் வைட்டமின் சி-யின் அளவும் குறைந்திருந்தது. அவர்கள் பட்டினி கிடக்கவில்லை. வயிறு நிறையவே உண்டார்கள். ஆனால் தட்டில் இருந்த வண்ணங்கள் ஒவ்வொன்றாக மறைந்து வெண்மை மட்டும் எஞ்சியிருந்தது.

நம் நாட்டில் இது இன்னும் ஓசையின்றி நடக்கிறது. முதலில் முறுக்கும் கடலையும் போகும். அவை தின்பண்டந்தானே என்று எவரும் பொருட்படுத்துவதில்லை. பிறகு கொய்யாப்பழம், வெள்ளரி, பச்சைக் காய்கள். பிறகு முருங்கைக்காயும் கொத்தவரங்காயும். அசைவம் உண்கிற குடும்பமானால் இறைச்சி. கடைசியில் ரசம் சாதம், மோர் சாதம், பாலில் ஊறிய ரொட்டி. வயதாகிவிட்டது, பசி குறைந்துவிட்டது என்று வீட்டார் சமாதானம் அடைகிறார்கள். முதியவரும் அதையே நம்புகிறார். மருத்துவர், "என்னம்மா, நன்றாகச் சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்கிறார். "சாப்பிடுகிறேன் ஐயா" என்று விடை வருகிறது. கேள்வியிலும் பொய்யில்லை, விடையிலும் பொய்யில்லை. நோய் மட்டும் அவ்விருவருக்கும் இடையே நழுவிப் போய்விடுகிறது. எதையெல்லாம் தின்பதை விட்டுவிட்டீர்கள் என்று கேட்டிருந்தால் அது அகப்பட்டிருக்கும்.

செயற்கைப் பல்லைக் கட்டிவிட்டால் விட்டுப்போன உணவெல்லாம் திரும்பி வந்துவிடுமா? இதைச் சோதிக்கவே கனடாவில் மாண்ட்ரியல் நகரில் ஒரு பெரிய பரிசோதனை நடந்தது. பல்லில்லாத 255 முதியவர்களைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினருக்கு வழக்கமான பல்வரிசை. மற்றவர்களுக்குக் கீழ்த்தாடை எலும்பில் உலோகத் திருகு பதித்து, அதன்மேல் பற்றி நிற்கும் பல்வரிசை. பின்னது விலை மிகுந்தது, உறுதியாக நிற்பது. ஓராண்டு சென்று அவர்கள் உண்டதைக் கணக்கெடுத்தபோது இரு பிரிவினரின் உணவுச் சத்துக்களிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. 2013-இல் வெளியான இம்முடிவு பலருக்கு ஏமாற்றமாக இருந்தது.

அதற்கு முன்பே, 2006-இல், இங்கிலாந்தின் நியூகாஸில் நகரத்தார் இந்தப் பூட்டுக்குச் சாவியைக் கண்டிருந்தனர். புதிய பல்வரிசை பெற்றவர்களில் ஒரு பகுதியினருக்கு மட்டும், அவரவர் வாழ்க்கைக்குப் பொருந்திய உணவு ஆலோசனையையும் சேர்த்துக் கொடுத்தார்கள். ஆலோசனை பெற்றவர்கள் உண்ட பழமும் காய்கறியும் கூடின. பல் மட்டும் பெற்றவர்களிடம் அவ்வளவு மாற்றம் இல்லை. காரணம் நமக்குத் தெரியாததன்று. ஐந்து ஆண்டுகள் மசித்த சோறே உண்டவருக்குக் கொத்தவரங்காயின் நினைவே போய்விடுகிறது. அவருக்குச் சமைக்கும் மருமகளுக்கும் அது பழகிப்போகிறது. பல் மருத்துவர் வாயைச் செப்பனிட்டுவிட்டார். சமையலறைக்கு யாரும் செய்தி அனுப்பவில்லை.

இதுவரை கூறியது உணவின் வழியே வரும் கேடு. அண்மைக் காலத்தில் வேறு சில தொடர்புகளும் பேசப்படுகின்றன. அவற்றில் எச்சரிக்கையோடு நடக்க வேண்டும். 2023-இல் துருக்கி நாட்டு மருத்துவமனையொன்றில் நீரிழிவு நோயாளர் 94 பேரைப் பற்றிய ஆய்வு வெளிவந்தது. நன்கு மெல்லக்கூடிய பல்லமைப்பு உடையவர்களின் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு 7.48 என்றும், அவ்வமைப்பு இல்லாதவர்களின் அளவு 9.42 என்றும் கண்டார்கள். வேறுபாடு பெரியது. ஆனால் நீரிழிவு தானே ஈறைக் கெடுத்துப் பல்லை ஆட்டிவிடக்கூடியது. சர்க்கரை மிகுந்ததால் பல் போயிற்றா, பல் போனதால் சர்க்கரை மிகுந்ததா? மரம் முந்தியா விதை முந்தியா என்ற வழக்கு இது. ஒரே சமயத்தில் எடுத்த கணக்கு இதற்குத் தீர்ப்புச் சொல்லாது.

நினைவாற்றலைப் பற்றிய ஆராய்ச்சியிலும் இதே சிக்கல் உண்டு. கடைவாய்ப் பற்களைப் பிடுங்கிய எலிகள் பழகிய வழியை மறந்து தடுமாறுவதை ஆய்வுக்கூடங்களில் கண்டிருக்கிறார்கள். மனிதரிடத்தில், அமெரிக்காவில் கிறிஸ்தவக் கன்னியர் மடமொன்றைச் சேர்ந்த முதியோரின் பல் மருத்துவக் குறிப்புகளை ஆராய்ந்து 2007-இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். 75 வயதைக் கடந்த 144 கன்னியரில், ஒன்பது பற்களோ அதற்குக் குறைவாகவோ எஞ்சியிருந்தவர்களிடம் மறதி நோய் மிகுதியாகக் காணப்பட்டது. கன்னியர்கள் ஒரே கூரையின்கீழ் ஏறத்தாழ ஒரே உணவை உண்டு, ஒரே ஒழுங்கில் வாழ்பவர்கள். ஆகையால் செல்வம், வறுமை முதலிய வேறுபாடுகள் இங்கே குறைவு. அந்த வகையில் இவ்வாய்வு மதிப்புடையது. எனினும் மறதி தொடங்கியவர் பல் துலக்கவும் மறக்கிறார் என்பதை நாம் மறக்கலாகாது. பல்லைக் காத்தால் மூளை காக்கப்படும் என்று விளம்பரம் செய்வதற்கு இது போதாது.

இத்துறையில் முயற்சியை ஒரு தேச இயக்கமாகவே ஆக்கியவர்கள் ஜப்பானியர். 1989-இல் அவர்கள் 80 வயதில் 20 பற்கள் என்ற இலக்கை நாட்டின் முன் வைத்தார்கள். அப்போது அவ்வயதில் அத்தனை பற்கள் உள்ளவர்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவு. 2016-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அவர்கள் பாதிக்கு மேல் ஆகிவிட்டார்கள். எண்ணை 32 என்று வைக்காமல் 20 என்று வைத்ததில் விவேகம் இருக்கிறது. பெரும்பாலான உணவைச் சிரமமின்றித் தின்பதற்கு அத்தனை பற்கள் போதும் என்பது அனுபவத்தில் கண்டது.

பல்லை எண்ணுவதோடு அவர்கள் நிற்கவில்லை. டோக்கியோ பல்கலைக்கழகத்தார் காஷிவா நகரில் 65 வயதும் அதற்கு மேலும் ஆன இரண்டாயிரம் பேரைச் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2018-இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். பல்லின் எண்ணிக்கை, மெல்லும் திறன், நாக்கின் வலிமை, கடினமான உணவைத் தின்பதில் சிரமம், விழுங்கும்போது புரையேறுதல் முதலியவற்றில் பலவும் நலிந்தவர்கள், மற்றவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு அளவில் உடல் தளர்ந்தும், பிறர் துணையை நாடியும், இறந்தும் போயினர். அதே ஆண்டில் வாயின் செயல்திறன் குறைவு என்பதை ஜப்பானிய அரசு காப்பீட்டில் தனி நோயாகவே ஏற்றுக்கொண்டது. அதை அறிய ஏழு சோதனைகள் உண்டு. ஒன்று நம் நேயர்களுக்குச் சுவையாக இருக்கும். முதியவரைப் ப, த, க என்ற ஓசைகளைத் தனித்தனியே ஐந்து நொடிகள் விரைந்து சொல்லச் செய்து, நொடிக்கு எத்தனை என்று எண்ணுகிறார்கள். ப-விற்கு உதடு, த-விற்கு நாக்கின் நுனி, க-விற்கு நாக்கின் அடி. உணவை உள்வாங்கி, புரட்டி, தொண்டைக்குள் தள்ளும் மூன்று இடங்களும் அந்த மூன்று எழுத்துக்களில் அடங்கிவிடுகின்றன. பல் போனால் சொல் போயிற்று என்னும் நம் பழமொழியை அவர்கள் திருப்பிப் போட்டு, சொல்லைக் கொண்டே வாயை அளக்கிறார்கள்.

நம் நாட்டில் பரவலாகக் காணப்படும் மெல்லும் கோளாறு ஒன்று உண்டு. அது முதுமையில் வருவதன்று, இளைஞரையும் பற்றுவது, அதிகமாக மெல்லுவதாலேயே வருவது. ஜோஷி என்ற இந்திய மருத்துவர் தம் நாட்டு நோயாளரிடமும், 1952-இல் ஷ்வார்ட்ஸ் என்பவர் கிழக்கு ஆப்பிரிக்காவில் குடியேறிய இந்தியப் பெண்கள் ஐவரிடமும் இதைக் கண்டு எழுதினார்கள். பாக்கு மெல்லுகிறவர்களின் கன்னத்தின் உட்புறத் தோலின்கீழ் நார்த்திசு படிந்து, தோல் வெளுத்துக் கயிறுபோல் இறுகுகிறது. காரம் பட்டால் எரிகிறது. பிறகு வாய் திறக்கும் அளவு சுருங்குகிறது. சாதாரணமாக மூன்று விரல்களை நெடுக்காக நுழைக்கக்கூடிய வாயில் ஒரு விரல் நுழைவதே அரிதாகிவிடுகிறது. கவளத்தை உருட்டி இடுவது போய், கிள்ளிக் கிள்ளி இட வேண்டியதாகிறது. பல் அத்தனையும் இருந்தும் மெல்ல இயலாத நிலை.

பாக்கிலுள்ள அரெக்கோலின் என்னும் பொருளே இதற்கு முதன்மைக் காரணம் எனக் கருதப்படுகிறது. கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டத்தில் இந்நோய் கொண்ட 66 பேரை 17 ஆண்டுக் காலம் கவனித்த ஆராய்ச்சி 1985-இல் வெளிவந்தது. அவர்களில் 5 பேருக்கு வாய்ப் புற்றுநோய் கண்டது. 2004-இல் உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் புகையிலை சேராத பாக்கையும் மனிதருக்குப் புற்றுநோய் விளைக்கும் பொருளென்று வகைப்படுத்தி நூல் வெளியிட்டது. 2012-ஆம் ஆண்டு முதல் மாநிலங்கள் ஒவ்வொன்றாகக் குட்காவைத் தடை செய்தன. விற்பவர்கள் பாக்குத் தூளை ஒரு பொட்டலத்திலும் புகையிலையை மற்றொரு பொட்டலத்திலும் போட்டுச் சேர்த்து விற்கத் தொடங்கினார்கள். சட்டத்தைவிடப் பொட்டலம் வேகமாக ஓடுகிறது. இறுகிய வாயை ஊசி மருந்தும் பயிற்சியும் அறுவையும் ஓரளவு நெகிழ்த்தலாம். பாக்கை விடாதவரைக்கும் அவை எதுவும் நிலைப்பதில்லை.

முதியவர்களுக்குத் திரும்புவோம். உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட அறிக்கை, உலகெங்கும் 60 வயதைக் கடந்தவர்களில் நூற்றுக்கு 23 பேர் பல் முழுவதையும் இழந்தவர்கள் என மதிப்பிட்டது. நம் மத்திய அரசு 2017-இல் தொடங்கிய ராஷ்டிரிய வயோஸ்ரீ திட்டத்தில், வறுமைக் கோட்டிற்குக் கீழுள்ள முதியோருக்குக் கைத்தடி, மூக்குக்கண்ணாடி, காதுக்கருவி, சக்கர நாற்காலி ஆகியவற்றோடு செயற்கைப் பல்வரிசையும் இடம்பெற்றது. பட்டியலில் பல்லைச் சேர்த்தது பாராட்டுக்குரியது. ஆனால் கைத்தடி போன்றதன்று பல். கைத்தடியை முகாமில் ஒரே நாளில் கையில் கொடுத்துவிடலாம். பல்வரிசைக்கு அச்செடுக்க வேண்டும். கடிவாயின் உயரம் பார்க்க வேண்டும். மெழுகில் அமைத்துப் பொருத்திப் பார்க்க வேண்டும். கொடுத்த பிறகும் ஈறில் உராயும் இடத்தைத் தேய்த்துச் சரிசெய்ய வேண்டும். அன்றியும் பல் விழுந்த தாடையெலும்பு ஆண்டுதோறும் சிறிது சிறிதாகத் தேய்ந்து தாழ்கிறது. இன்று கச்சிதமாகப் பொருந்தியது சில ஆண்டுகளில் தளர்ந்து ஆடும். நம் வீட்டு அலமாரிகளில் டப்பாக்களுக்குள் உறங்கும் பல்வரிசைகளில் பல இப்படித் தளர்ந்தவையே. அவற்றின் உட்புறத்தை மீண்டும் நிரப்பிச் சரிசெய்ய முடியும் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

பல் கட்டிக்கொள்ளும் வரையிலும், கட்டிக்கொள்ளவே இயலாதவர்களுக்கும், சமையலறையில் செய்யக்கூடியவை சில உண்டு. கீரையை மசியலாகவும், காரட்டையும் வெள்ளரியையும் துருவலாகவும், பருப்பைக் குழைய வேகவைத்தும், முட்டை உண்பவர்களுக்கு அதை மிருதுவாகவும் கொடுக்கலாம். கொய்யாவுக்குப் பதில் பப்பாளி, வாழை. பீகாரிலும் கிழக்கு உத்தரப் பிரதேசத்திலும் வறுத்த கடலையை மாவாக்கிச் சத்து என்ற பெயரில் கரைத்துக் குடிக்கிறார்கள். மெல்ல இயலாதவர்களுக்கு அது தகுந்த புரத உணவு. வேர்க்கடலையைப் பொடித்துக் கஞ்சியில் சேர்த்தாலும் அதே பயன். புதிதாகப் பல்வரிசை அணிந்தவர்கள் முதல் சில வாரங்கள் உணவைச் சிறு துண்டுகளாக நறுக்கிக்கொள்ள வேண்டும். ஒரே பக்கத்தில் மென்றால் மறுபக்கம் தூக்கிக்கொள்ளும். ஆகையால் இரு கடைவாயிலும் ஒரே நேரத்தில் உணவைப் பகிர்ந்து மெல்ல வேண்டும். முன்பல்லால் கடிப்பதை முதலில் தவிர்க்க வேண்டும். ஒரு மாதம் கழித்து, விட்டுப்போன காய்களில் ஒவ்வொன்றாக, முதலில் வேகவைத்த அவரைக்காயிலிருந்து தொடங்கித் தட்டில் மீண்டும் வைத்துப் பார்க்கலாம்.